அடித்ததாகப் பதிவான சைரன்

சைரன் அடித்தது என்று கணினி சொன்னது. அடிக்கவே இல்லை என்று சூப்பர்வைசர் அக்கா சொன்னார். இரண்டில் ஒன்று பொய் என்றானபோது நான் கணினியின் பக்கம் நின்றேன். கார்த்திகை மழைக்கு நடுவில் நடந்த இந்த விஷயத்தைச் சொல்ல உட்காரும்போது அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

கோவில்பட்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. இரண்டு மேசை, இரண்டு கணினி, இரண்டு பேர். சென்னையில் எட்டு வருஷம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, ஊரடங்குக்கு வீடு திரும்பியவள் நான், பிறகு போகவில்லை. இன்னொருவர் கயத்தாற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். அண்ணே என்று கூப்பிடுவேன். எங்களுக்குள் பெரிய பேச்சு கிடையாது. வேலையைப் பிரித்துக்கொள்வோம், அவரவர் மேசையில் எழுதுவோம், முடிந்ததைப் பொதுவான ஓரிடத்தில் சேர்த்துவைப்போம். அப்படிச் சேர்க்கும்போது யார், என்றைக்கு, எந்த வரியை மாற்றினார்கள் என்பது தானாகவே பதிவாகிவிடும்.

ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தீப்பெட்டி ஆலைக்கு அந்த வருஷம் ஆடி மாதம் ஒரு வேலை செய்து கொடுத்தோம். ஆலையில் நான்கு அறைகள். குச்சி அடுக்கிவைக்கிற கிடங்கு, மருந்து கலக்குகிற அறை, மருந்து தோய்த்த குச்சிகளைக் காயவைக்கிற அறை, பெட்டியில் அடைக்கிற அறை. ஒவ்வொன்றிலும் சூட்டை அளக்கும் ஒரு சின்னக் கருவி வைத்தோம். சூடு அளவுக்கு மேலே போனால் எச்சரிக்க வேண்டும். முதலாளிக்கு ஐம்பது வயதிருக்கும். அவருடைய அப்பா நடத்திய ஆலை அது.

இந்த மாதிரி நிரலை எழுதும்போது நான்கு அறைக்கும் நான்கு தடவை எழுதமாட்டோம். ‘அறை’ என்று பொதுவாக ஒன்றை எழுதுவோம். சூட்டை எப்படிப் படிப்பது, அளவோடு எப்படி ஒப்பிடுவது, கூடினால் எங்கே பதிவு செய்வது, பிறகு எப்படி எச்சரிப்பது, எல்லாம் அதில் இருக்கும். அதைப் பேரண்ட் என்போம். அதன் கீழே கிடங்கு, மருந்து அறை, காயவைக்கும் அறை, பெட்டி அறை என்று நான்கு பிள்ளைகள். பேரண்டில் உள்ளதெல்லாம் பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடும். திரும்ப எழுத வேண்டாம். ஏதாவது ஒரு பிள்ளைக்கு மட்டும் ஒரு காரியம் வேறு மாதிரி நடக்க வேண்டுமென்றால், அதே பெயரில் அந்தப் பிள்ளைக்குள் தனியாக எழுதிக்கொள்ளலாம். அதற்கு ஓவர்ரைடு என்று பெயர். அப்படி எழுதிவிட்டால் அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை மேலே உள்ளது ஓடாது. கீழே எழுதியது மட்டும்தான் ஓடும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே படிக்கிற பாடம் இது.

அந்த வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு மேல் காயவைக்கும் அறையில் தீப்பிடித்தது. நான்கு நாள் விடாத மழை. குச்சி காயாததால் வெந்நீர் ஆவி மாதிரி சூடான காற்றை ஊதும் மின்விசிறியை ஓட விட்டிருந்தார்கள். காற்று வரும் வாய்க்குப் பக்கத்தில், குச்சிகளை வரிசையாகப் பிடித்திருக்கும் ஒரு சட்டம் சரசரவென்று பற்றிக்கொண்டது. அங்கே நின்ற ஒரு பெண் அதை வெளியே இழுக்கப் போய், அவள் கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. மற்றவர்கள் மணல் வாளியைக் கொட்டி அணைத்துவிட்டார்கள். தீ அடுத்த சட்டத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே யாரும் பேசவில்லை.

நாங்கள் மதியம் போய்ச் சேர்ந்தோம். முதலாளியின் அறையில் இருந்த கணினியில் பதிவைத் திறந்தேன். ‘11:31. காயவைக்கும் அறை. சூடு அளவை மீறியது. எச்சரிக்கை கொடுக்கப்பட்டது.’ தீப்பிடித்தது 11:36 வாக்கில். நடுவில் ஐந்து நிமிஷம். சைரன் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது ஆலையின் விதி. ஐந்து நிமிஷத்தில் ஒரு ஆள் மிச்சமில்லாமல் வெளியே வந்திருக்கலாம்.

முதலாளி சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவை முந்தானையில் கரி. பதினெட்டு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவர்.

“சைரன் அடிச்சிருக்கு. நீ ஏன் ஆள வெளிய அனுப்பல?”

“அடிக்கல அண்ணாச்சி.”

“கம்ப்யூட்டர்ல இருக்கு. பதினொண்ணு முப்பத்தொண்ணு.”

“அப்ப கம்ப்யூட்டருக்குக் கேட்டிருக்கு போல. எனக்குக் கேக்கல. உள்ள இருந்த மத்த பத்தொம்பது பேருக்கும் கேக்கல. அவளுகள கூப்பிட்டுக் கேளுங்க.”

கேட்டார்கள். பத்தொன்பது பேரும் அடிக்கவில்லை என்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னதே எனக்குச் சந்தேகமாகப் போனது. ஒருத்தியாவது ‘சரியா ஞாபகமில்ல’ என்று சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லிவைத்துப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். இன்னொரு விஷயமும் என் மனதில் இருந்தது. அதற்கு முந்தின மாதம் பெட்டி அறையின் தகரக் கூரை வெயிலில் காய்ந்து சைரன் சும்மா அடித்தபோது, இதே அக்கா சைரனின் சுவிட்சை அமர்த்திவிட்டு, “இந்த எழவு காதக் கிழிக்கி, சத்தத்தக் கொஞ்சம் குறைக்க முடியாதா?” என்று எனக்குப் போன் செய்திருந்தார். ஒரு தடவை அமர்த்தியவர் மறுபடியும் அமர்த்தமாட்டாரா?

யாரும் சொல்லாமலே நான் அந்த சுவிட்சைப் பார்க்கப் போனேன். அது அவருடைய மேசைக்குப் பின்னால் சுவரில் இருந்தது. பலகை முழுக்க மெல்லிய தூசி படிந்திருந்தது. சுவிட்சின் மேல் மட்டும் ஒரு விரலின் தடம், புதிதாக, தெளிவாக இருந்தது. செல்போனில் படம் எடுத்தேன். முதலாளியிடம் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “நான் நெனச்சேன்” என்றார்.

அன்று மாலையே, சொல்லி அனுப்பும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மழையில் நடந்து போவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் அழவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. குற்றம் செய்தவர்கள்தான் இப்படித் திரும்பிப் பார்க்காமல் போவார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றியது. செய்யாதவர்களும் அப்படித்தான் போவார்கள் என்று தோன்றவில்லை.

திங்கட்கிழமை முதலாளி வேறு எதற்கோ போன் செய்தார். பேச்சுவாக்கில், “அன்னைக்கு எனக்கு மெசேஜும் வரல பாத்துக்கோங்க. டவர் இல்ல போல” என்றார்.

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. சைரன் அடிக்கும்போதே முதலாளியின் போனுக்கு ஒரு செய்தியும் போக வேண்டும். இரண்டும் அடுத்தடுத்த வரிகள். செய்தி அனுப்பிய கணக்கைத் திறந்து பார்த்தேன். முந்தின மாதம் பெட்டி அறைக்காகப் போன செய்தி இருந்தது. வியாழக்கிழமை எதுவுமே இல்லை. டவர் இல்லாமல் நின்றுபோயிருந்தால் அனுப்ப முயன்ற தடமாவது இருக்கும். அதுவும் இல்லை. சுவரில் இருக்கும் சுவிட்சை யார் அமர்த்தினாலும் சைரன்தான் நிற்கும், செய்தி நிற்காது.

எதிர் மேசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். என் சந்தேகம் அந்த நிமிஷமே அவர் பக்கம் திரும்பிவிட்டது. சைரனையும் செய்தியையும் சேர்த்து எழுதியவர் அவர்தான். தீ நடந்த பிறகு அவர் சரியாகப் பேசவே இல்லை. போன் வந்தால் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுகிறார். தாழ்ந்த குரலில் பேசுகிறார். நான் அந்தப் பக்கம் போனால், “பொறவு கூப்பிடுதேன்” என்று வைத்துவிடுகிறார். இவ்வளவு நாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், அர்த்தம்தான் கொடுக்கவில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் அர்த்தம் வந்துவிட்டது.

அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்வரை காத்திருந்தேன். படியில் செருப்புச் சத்தம் இறங்கியதும் அவர் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஆவணியில் ஒரு மாற்றம். பேரண்டில் ‘எச்சரி’ என்ற பெயருக்குக் கீழே இரண்டு வரி சேர்த்திருந்தார். ஒன்று சைரனை அடிக்கும். ஒன்று செய்தி அனுப்பும். அதற்கு முன்னால் அந்த இடம் காலியாக இருந்தது; பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று வெறும் பெயரை மட்டும் போட்டு வைத்திருந்தோம். அவர் எழுதிய இரண்டு வரியையும் எழுத்து எழுத்தாகப் படித்தேன். தப்பு கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று படித்தேன். ஒரு தப்பும் இல்லை.

பிறகு கீழே வந்தேன். காயவைக்கும் அறை. அங்கே ‘எச்சரி’ என்று இன்னொன்று இருந்தது. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: சூடான காற்றை நிறுத்து. எழுதியவர் பெயரைப் பார்த்தேன். ஆடி மாதத்தில் நான்.

நான் எழுதியபோது பேரண்டில் ஒன்றுமே இல்லை. சைரனே வாங்கவில்லை. சூடு கூடினால் விசிறி நிற்கட்டும் என்று இந்த ஒரு அறைக்கு மட்டும் தனியாக எழுதினேன். ஒரு மாதம் கழித்து அண்ணன் மேலே சைரனைச் சேர்த்தார். நான்கு பிள்ளைகளுக்கும் போய்விடும் என்று நம்பிச் சேர்த்தார். மூன்றுக்குப் போனது. நான்காவது, தனக்கென்று ஒன்று வைத்திருந்ததால், மேலே என்ன வந்தது என்று கேட்கவே இல்லை. வியாழக்கிழமை விசிறியை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்துவிட்டது; அதற்குள் ஏறியிருந்த சூட்டிலேயே சட்டம் பற்றிக்கொண்டது. சைரன் வந்த அன்று கிடங்கில் வைத்துத்தான் சோதித்தோம். அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். காயவைக்கும் அறையில் அன்று சட்டங்கள் நிறைந்திருந்ததால் அங்கே சோதிக்கவில்லை.

அப்படியானால் ‘எச்சரிக்கை கொடுக்கப்பட்டது’ என்ற வரி எங்கிருந்து வந்தது? அதையும் தேடினேன். ‘எச்சரி’யைக் கூப்பிடுவதற்கு ஒரு வரி முன்னால் அந்தப் பதிவு இருந்தது. கொடுப்பதற்கு முன்பே கொடுத்தாயிற்று என்று எழுதிவிடுகிறது. அதுவும் நான் எழுதியதுதான்.

அடுத்து என் கை என்ன செய்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் ஒரு வரிக்கு மேலே, பேரண்டில் உள்ளதையும் ஓட்டு என்று சொல்லும் இன்னொரு வரியைத் தட்டினேன். அவ்வளவுதான் மருந்து. அதைச் சேர்த்துவிட்டால் நாளை முதல் சைரன் அடிக்கும். யாருக்கும் எதுவும் தெரியாது. விரல் விசையின் மேல் இருந்தது.

“சேத்துரப் போறியா?”

அண்ணன் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் படியேறி வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

“என்னத்தண்ணே?”

“நான் வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன்.”

“வெள்ளிக்கிழமையேவா? நாலு நாளா ஏன் சொல்லல?”

“நீ சொல்லுவியா மாட்டியான்னு பாத்தேன். நான் வாயத் தொறந்தா, மேல சேத்தது நீங்கதானன்னு என் தலையில கட்டிருவன்னு நெனச்சேன்.”

“நான் எழுதும்போது மேல ஒண்ணுமே இல்லியே. வெறும் பேருதான இருந்துச்சு!”

“இருக்கட்டும். தனியா எழுதிருக்கேன்னு ஒரு வார்த்த சொன்னியா?”

“நீங்க மேல சேக்கும்போது, கீழ யாரும் தனியா எழுதிருக்காங்களான்னு பாத்தியளா?”

இரண்டு பேரும் கத்தினோம். கீழே செல்போன் கடைக்காரர் படிக்கட்டில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். படியில் நின்று யாரிடம் பேசினீர்கள் என்று கேட்டேன். தூத்துக்குடியில் ஒரு வக்கீல் நண்பராம். இந்த மாதிரி ஒரு விஷயத்தில் உள்ளே போட்டுவிடுவார்களா என்று கேட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் கோபமும் போகவில்லை. இந்த நான்கு நாளும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த அக்கா வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

தட்டிய வரியை அழித்தேன். இருப்பதை இருக்கிறபடியே வைத்து முதலாளிக்குக் காட்டுவது என்று முடிவு செய்தோம்.

முதலாளி நம்பவில்லை. “அவ வீட்டுக்காரன் வந்து கெஞ்சுனானா? அவளக் காப்பாத்தத்தான சொல்லுதீய?” என்றார். நாங்கள் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறோம் என்பதே அவருக்கு விளங்கவில்லை. தன் தப்பைத் தானே சொல்கிறவனுக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறவர் அவர். நானும் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமை பகலில், ஆலையில் ஆள் இல்லாத நேரத்தில் சோதித்துப் பார்த்தோம். காயவைக்கும் அறையிலிருந்து சட்டங்களையெல்லாம் முன்னமே எடுத்துவிடச் சொல்லியிருந்தோம். தீயென்று எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் துணியும் கொண்டுபோனேன். முதலில் கிடங்கு. வெந்நீரில் நனைத்த துணியைக் கருவியின் மேல் வைத்தேன். சைரன் அலறியது. முதலாளியின் சட்டைப்பையில் போனும் சத்தம் போட்டது. “நல்லாத்தான இருக்கு” என்றார். பிறகு காயவைக்கும் அறை. விசிறியை ஓடவிட்டுத் துணியை வைத்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், விசிறி நின்றது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. தகரத்தில் மழைத் தூறல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. முதலாளி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

அவருடைய அறைக்கு வந்து கணினியைப் பார்த்தோம். ‘காயவைக்கும் அறை. சூடு அளவை மீறியது. எச்சரிக்கை கொடுக்கப்பட்டது.’

“இத யாரு எழுதுனது?”

“நான்தான் அண்ணாச்சி. எச்சரிக்கிறதுக்கு முந்தின வரியில வச்சிட்டேன்.”

“அப்ப செய்யப் போறத, செஞ்சு முடிச்சதா எழுதிருக்கு.”

“ஆமா.”

“அதுக்குப் பேரு பொய்தானம்மா.”



அடுத்து அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. “நாளைக்கே அவள வரச் சொல்லிருவோம். சைரன் வயர் அந்துருச்சுன்னு சொல்லிக்கிடலாம். எதுக்குப் பெருசாக்கணும்? வெளிய தெரிஞ்சா உங்களுக்கும் கெட்ட பேரு, எனக்கும் கெட்ட பேரு.” என் நன்மைக்குச் சொல்கிறாரா, தன் நன்மைக்கா என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நன்மையும் அதில் இருந்ததுதான் தொந்தரவு. அண்ணன்தான், “நாங்க போய் அவியகிட்ட நேர்ல சொல்லிருதோம்” என்றார். அவரிடமிருந்து அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அக்காவின் ஊர் ஆலையிலிருந்து நான்கு கிலோமீட்டர். தார் ரோட்டை விட்டு இறங்கியதும் பைக் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கரிசல் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்ற மறுத்தது. குச்சியால் நோண்டி நோண்டி எடுத்துவிட்டு, கடைசியில் பைக்கை ஒரு புளியமரத்தடியில் போட்டுவிட்டு நடந்தோம். இரண்டு பக்கமும் உளுந்தும் மக்காச்சோளமும் நீரில் நின்றன. ஒவ்வொரு அடிக்கும் செருப்பு கனத்துக்கொண்டே போனது.

அக்கா வாசலில் ஆட்டுக்குட்டிக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து யாரோ தெலுங்கில் யார் வந்திருப்பது என்று கேட்க, இவரும் தெலுங்கில் ஒரு வரி பதில் சொன்னார். அதில் ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது.

நான் சொல்ல ஆரம்பித்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று, கீழே உள்ளது மேலே உள்ளதை மறைத்துவிட்டது என்று கைகளை வைத்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கையை நீட்டி நிறுத்தினார்.

“அது எனக்கு வேண்டாம். சைரன் அடிச்சுச்சா, அடிக்கலியா?”

“அடிக்கல அக்கா.”

“அதத்தான நான் அன்னைக்கே சொன்னேன்.”

“ஆமா.”

“சுவிட்ச போட்டோ எடுத்தியே. அதுல இருந்தது என் வெரல்தான். தீ அமந்த பொறவு, ஏன் இந்தச் சனியன் அடிக்கலன்னு நான்தான் அமத்திப் போட்டுப் பாத்தேன். சுவிட்ச அத்தன நேரம் பாத்த. என்னைய ஒரு வாட்டி கேட்டியா?”

இல்லை. கேட்கவில்லை. முதலாளியின் அறையில் நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவர் மேசைக்குப் பின்னால் போகும்போது, “கொஞ்சம் தள்ளுங்க” என்று மட்டும் சொன்னதாக ஞாபகம்.

“நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னாக” என்றார் அண்ணன்.

“வாரேன். சும்மா வரமாட்டேன். நான் பொய் சொல்லலன்னு ஒரு தாள்ல எழுதித் தாங்க. இந்தத் தெருவுல ஒருத்தி மிச்சமில்லாம கேட்டுட்டா, நீ அமத்துனதாலதான் அவ கை வெந்துச்சாமேன்னு. அவளப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவ மாமியா வாசல்லயே நிக்க வச்சிட்டா.”

அவர் மகளுடைய நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார். நான் எழுதினேன். ‘மென்பொருளில் ஒரு தவறு நேர்ந்துவிட்டதால் சைரன் ஒலிக்கவில்லை. இதில் கண்காணிப்பாளரின் தவறு எதுவும் இல்லை.’ வாசித்துக் காட்டினேன்.

“‘நேர்ந்துவிட்டது’ன்னா? தானா நேந்துச்சா?”

“இல்ல…”

“யாரு செஞ்சதுன்னு எழுது.”

அந்தத் தாளை மடியில் வைத்து மறுபடி படித்தேன். அவர் சொல்வது சரி. மறுபடியும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன். ‘கொடுக்கப்பட்டது’ என்று எழுதிய அதே கை. இன்னொரு தாள் கேட்டேன். ‘நாங்கள் இருவரும் செய்த தவறு’ என்று எழுதினேன். விரல் தடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு முதலாளியிடம் காட்டியது நான் என்பதையும் எழுதினேன். கையெழுத்துப் போட்டு அண்ணனிடம் நீட்டினேன். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு, அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். வக்கீல் நண்பர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். போடமாட்டார் என்றுதான் நினைத்தேன். போட்டார்.

அக்கா அதை மடிக்காமல் வாங்கிக்கொண்டார். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். காப்பி போடவில்லை.

மறுநாள் அவர் அந்தத் தாளைக் கொண்டுபோய்ப் பத்தொன்பது பேருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் மேசையில் உட்கார்ந்ததாகக் கேள்விப்பட்டேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஒன்றும் சொல்லவில்லையாம். கை வெந்த பெண்ணின் மருத்துவத்தை அவரே பார்த்துக்கொண்டார். நாங்கள் நிரலைத் திறந்து, ‘எச்சரி’யைக் கீழே யாரும் தனியாக எழுத முடியாதபடி மேலேயே பூட்டினோம். விசிறியை நிறுத்துவதற்கு வேறு பெயர் வைத்தோம். சைரனுக்கு உண்மையிலேயே மின்சாரம் போனதை அளந்து பார்த்த பிறகுதான் பதிவு எழுதப்படும். இப்போது அங்கே திங்கட்கிழமைதோறும் நான்கு அறையிலும் சைரனை அடித்துப் பார்க்கிறார்கள். அக்காவே முன்னால் நின்று பார்க்கிறார். எங்களை நம்பி விடுவதில்லை.

அண்ணனும் நானும் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறோம். அவர் எழுதியதை நான் ஒரு தடவை படித்த பிறகுதான் பொது இடத்தில் சேர்க்கிறோம். நான் எழுதியதை அவர் படிக்கிறார். இது நல்ல பழக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவர் என் வரிகளைப் படிக்கும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன். அவரும் அப்படிப் பார்ப்பது எனக்குத் தெரியும். போன் வந்தால் இப்போது அவர் படிக்குப் போவதில்லை, மேசையிலேயே பேசுகிறார். எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே சத்தமாகப் பேசுகிறாரோ என்றும் சில சமயம் தோன்றும்.

போன மாதம் கோவில்பட்டி பஸ் நிலையத்தில் அந்தக் கை வெந்த பெண்ணைப் பார்த்தேன். ஆலை வேலையை விட்டுவிட்டாள். புதியம்புத்தூரில் தங்கை வீட்டில் தங்கி, துணி தைக்கிற இடத்தில் பட்டன் வைக்கும் வேலைக்குப் போகிறாள். முழங்கை வரைக்கும் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு அவளே பக்கத்தில் வந்தாள்.

“சைரன் வச்ச அக்காதான?”

ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

“அது அடிச்சிருந்தாலும் நான் உள்ளதான் போயிருப்பேன் அக்கா. அந்தச் சட்டம் நான் அடுக்குனது. அது கருகுறதப் பாத்துட்டு எப்படி வெளிய நிக்க?”

அவள் பஸ் வந்துவிட்டது. பையை நல்ல கைக்கு மாற்றிக்கொண்டு ஓடிப்போய் ஏறினாள். ஜன்னல் வழியாகத் தலையை ஆட்டினாள். அவள் சொன்னது உண்மைதானா, என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்காகச் சொன்னதா என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.